புள்ளி திரும்பி வந்த ஆண்டு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025ஆம் ஆண்டு முடியப் போகிறது. ஆண்டின் முக்கிய நிகழ்வுகளைத் தொகுத்துத் தங்கள் இதழ் வழக்கம்போல் வெளியிடும். நானும் வழக்கம்போல் ஒரு வரி விடாமல் படிப்பேன். 'படிப்பேன்' என்று இன்று என்னால் எழுத முடிவதே இந்தக் கடிதத்துக்குக் காரணம். சென்ற ஆண்டு இதே நாட்களில் அந்தத் தொகுப்பைப் பேத்தி வாசிக்க, நான் திண்ணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தொகுப்பு எதிலும் இடம்பெறாத சில சின்னஞ்சிறு மகிழ்ச்சிகள் இந்த ஆண்டு எனக்கு வாய்த்தன. அவற்றைத் தந்தவர்களில் சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கு நன்றி சொல்லத் தங்கள் பக்கத்தில் சிறிது இடம் கேட்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் 36 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவன் நான். 1977இல் வேலைக்குச் சேர்ந்தேன். மறு ஆண்டே எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. யானைத் துதிக்கைபோல் வளைந்து நின்ற பழைய 'லை'யும் 'னை'யும் அச்சுப் பெட்டிகளிலிருந்து மெல்ல மெல்ல வெளியேறின. ஈய எழுத்துக் காலத்தில் என் கண்ணுக்கு வாய்த்த முதல் எதிரி, புள்ளி. தேய்ந்த எழுத்தில் முதலில் மறைவது அதுதான். 'மண்' என்பது 'மண' என்று நிற்கும். 'பால்' என்பது 'பால' என்று நிற்கும். படிக்கிறவர் மனம் அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டு கடந்துவிடும். மெய்ப்புப் பார்க்கிறவன் அப்படிக் கடக்கக் கூடாது. மனம் நிரப்ப வருமுன் கண் அங்கே போய் நிற்க வேண்டும். அதை ஒரு தவம்போல் பழகியவன் நான் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கண்ணில்தான் புரை விழுந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், நாளிதழில் புள்ளிகள் குறைவாகத் தெரிவதாக உணர்ந்து, அச்சு மங்கிவிட்டது என்று வீட்டாரிடம் சொன்னேன். பிறகு இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் ஒன்றாயின. உண்மை எனக்குத் தெரிந்தே இருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பயந்து இரண்டு ஆண்டுகள் மறைத்தேன். சென்ற ஆண்டு கார்த்திகைத் தீபத்தன்று என் மனைவி வாசலில் வரிசையாக வைத்த அகல்கள் ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி பஞ்சுபோல் விரிந்து தெரிந்தன. எத்தனை விளக்கு என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. அன்றிரவு மகனிடம் உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகும், கோடை கழியட்டும் என்று நாள் கடத்தியவன் நான்தான்.

அந்த ஆறேழு மாதங்களில் எனக்குக் கண்ணாக இருந்தவள் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி. காலை ஆறே காலுக்குப் பல் துலக்கிய கையோடு வந்து உட்கார்ந்து, பள்ளி வேன் வரும் நேரத்துக்குள் முதல் பக்கத்தையும் மாவட்டச் செய்திகளையும் ஆசிரியருக்குக் கடிதங்களையும் வாசித்துவிடுவாள். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை என்பதால் முதலில் நீண்ட தொடர்கள் அவளை மூச்சுத் திணற வைத்தன. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வரியின் முடிவில் நிறுத்துவாள். சனவரி 24ஆம் தேதி இதழ் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்ற ஆய்வறிக்கையை முந்தைய நாள் முதலமைச்சர் வெளியிட்டிருந்தார். "மூவாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து" என்று எழுத்துக் கூட்டி வாசித்தவள் அப்படியே நிறுத்தி, "தாத்தா, நம்ம ஏரல் பக்கத்துல இருக்கே, அந்தச் சிவகளையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தச் செய்தியை மறுபடி முதலிலிருந்து, இந்த முறை எனக்காக இல்லாமல் தனக்காகவே, குரலை உயர்த்தி வாசித்தாள். இவ்வளவு பெரிய செய்தி தன் பேருந்து தூரத்தில் இருக்கிறது என்ற வியப்பை அவள் குரலில் கேட்டது இந்த ஆண்டின் என் முதல் மகிழ்ச்சி.

அதற்குப் பதிலாக என் கையில் இருந்ததை அவளுக்குக் கொடுத்தேன். பழைய நண்பர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால் நான் சொல்ல அவள் எழுதுவாள். "இது எந்த ல தாத்தா, சின்ன லவா, சிறப்பு ழவா?" என்று கேட்டுக் கேட்டு எழுதியவள், சித்திரை பிறந்தபோது கேட்பதை நிறுத்தியிருந்தாள். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதைச் சூத்திரமாகச் சொல்லாமல், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கப் பழக்கினேன். விடுபட்ட ஒற்றெழுத்தைக் குறிக்க ஓரத்தில் எப்படிக் கோடு போடுவது, நீக்க வேண்டியதற்கு என்ன சுழி என்பதையும் காட்டினேன். கைப் பழக்கத்தில்தான் காட்ட முடிந்தது. நான் போட்ட குறி சரியான இடத்தில் விழுந்ததா என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சூன் மாத இறுதியில் ஒரு முகாமில் என் வலக்கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. 1980களின் தொடக்கத்தில் என் தாயாருக்கு இதே புரை நீக்கப்பட்டது. அதன் பிறகு அவர் இறக்கும் நாள்வரை, காதை அறுக்கும் கனத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி அணிந்திருந்தார். அதைக் கழற்றினால் எதிரே நிற்பது மகனா, தூணா என்று தெரியாது. எனக்கு அந்தக் கதி நேராததற்குக் காரணம், கண்ணுக்குள்ளேயே பொருத்தும் சிறு வில்லை. அது ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த பொருள். எட்டயபுரம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக்கொண்டே அறுவைச் சிகிச்சை பழகி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 58 வயதில், 1976இல், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியையும், 1992 முதல் அந்த வில்லையை மதுரையிலேயே செய்து எளியவருக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தவர்களையும் நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. ஆயினும், இந்த ஆண்டு நான் நினைத்து வணங்கும் பெயர்களில் அவர்களுடையவை முதலில் வருகின்றன.

பயந்த அளவுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. கண்ணை மரக்கச் செய்தார்கள். மேலே ஒரு வெளிச்சம். "ஐயா, அந்த வெளிச்சத்தையே பாருங்க" என்று செவிலியர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் ஆகியிருந்தால் அதிகம். மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது எதிரே என் மனைவி நின்றார். அவர் கட்டியிருந்த சேலையைப் பல மாதங்களாகக் கறுப்பு என்றே நான் சொல்லிவந்தேன். அவர் நீலம் என்பார். கட்டுப் பிரிந்த கண்ணுக்கு அது மழைக்கு முந்தைய வானத்தின் கருநீலமாக இருந்தது. "நீலம்" என்றேன். "எத்தன தடவ சொல்லியிருப்பேன்" என்றவர், அதற்கு மேல் பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். புரை விழுந்த வில்லை மஞ்சளேறி, முதலில் நீலத்தைத்தான் தடுக்கும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். காலம் முழுதும் கறுப்பு மையையே பார்த்துப் பழகிய எனக்கு, நீலம் என்ற நிறம் இல்லாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

இடக்கண்ணுக்குப் பொங்கல் கழித்து நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை எனக்கு ஒரு வேடிக்கை கிடைத்திருக்கிறது. தங்கள் நாளிதழை விரித்து வைத்து, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன். இடக்கண்ணுக்கு அது பழைய பஞ்சாங்கத்தின் பழுப்பில் கிடக்கிறது. வலக்கண்ணுக்கு வெண்மையான தாள், கூர்மையான எழுத்து, ஒவ்வொரு மெய்யின் தலையிலும் அதன் புள்ளி. முதல் வாரம் இதைச் செய்தபோதெல்லாம் செய்தி எதுவும் மனத்தில் ஏறவில்லை. புள்ளிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தவை பல, சுருக்கமாகவே சொல்கிறேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டு, விட்ட வேளைகளை நாட்காட்டியில் குறித்து வைத்த மனைவியின் கை. கறுப்புக் கண்ணாடியோடு காலையில் சுலோசன முதலியார் பாலத்தில் நடந்தபோது, கீழே தாமிரபரணியில் குளிப்பவர்களைத் தனித்தனி ஆட்களாகக் காண முடிந்தது. மழைக் காலம் முழுதும் இதழை நெகிழிப் பையில் சுற்றி, வாசலில் எறியாமல் சன்னல் கம்பியில் செருகிச் சென்ற விநியோகத் தம்பி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையும் அதன் வெள்ளமும் எங்கள் மாவட்டத்தார் யாருக்கும் மறக்காது. இந்தக் கார்த்திகை மழையில் எங்கள் வாசற்படியைத் தண்ணீர் தொடவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நூறாண்டுகளைக் கடந்த பார்வையற்றோர் பள்ளி ஒன்று உண்டு. அங்கே படித்து, இப்போது போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். அத்தனை ஆண்டுகள் அவரை வெறும் வணக்கத்தோடு கடந்து போனவன், கண் கிடைத்ததும் அவரிடம் போய் நின்றேன். ஆவணி முதல் சனிக்கிழமைதோறும் பாட நூல்களை நான் வாசிக்க, அவர் கைப்பேசியில் பதிவு செய்துகொள்கிறார். இரண்டாம் வாரம் அவர் சொன்னார்: "ஐயா, நீங்க வாசிச்சா ஒத்தெழுத்துகூட காதுல விழுது." என் 36 ஆண்டு வேலைக்கு இப்படி ஒரு சான்று எந்த முதலாளியும் தந்ததில்லை. இன்னொரு நாள் அவர் பிரெயில் எழுதுவதைக் காட்டினார். பலகையில் தாளைப் பொருத்தி, வலமிருந்து இடமாக ஊசியால் குத்தி, தாளைத் திருப்பினால் எழுத்து மேலெழும்பி நிற்கிறது. 'க்' என்று எழுதச் சொன்னேன். என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். அவர்கள் எழுத்தில் புள்ளி முதலில் வருகிறது, ககரம் அதன் பின்னால் வருகிறது. வாழ்நாள் முழுதும் எழுத்தின் தலைக்கு மேல் தேடிய புள்ளியை அன்று எழுத்துக்கு முன்னால் விரல் நுனியில் தொட்டேன். வீட்டுக்கு வந்து பேத்தியிடம் இதைச் சொன்னபோது, தானும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அடுத்த சனிக்கிழமை கூடவே வந்தாள்.

இந்த மாதம் 3ஆம் தேதி கார்த்திகைத் தீபம். இடக்கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நின்று எண்ணினேன். இருபத்தேழு விளக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சுடர், காற்று வந்தபோது எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. கடைசி விளக்கில் எண்ணெய் குறைந்திருப்பதுகூடத் தெரிந்தது. நானே போய் ஊற்றினேன்.

இந்தக் கடிதத்தைத் தங்களுக்கு எழுத இன்னொரு காரணமும் உண்டு. தங்கள் அலுவலகத்தில் இரவு நேரத்தில், பக்கம் அச்சுக்குப் போகும் அவசரத்தில், மெய்ப்புப் பார்க்கும் தோழர் ஒருவர் இருப்பார். அவர் பெயர் இதழில் வருவதில்லை. சரியாகச் செய்த வேலை யார் கண்ணிலும் படாது என்பது அந்தத் தொழிலின் இயல்பு. ஓராண்டாக என் பேத்தி பிழையில்லாத தமிழை வாய்விட்டு வாசித்துப் பழகியதற்கு அவரும் ஒரு காரணம். என் நன்றியை அவரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற வாரம் ஒரு நாள் மாவட்டச் செய்திப் பக்கத்தில், ஒரு தலைப்பில் வர வேண்டிய 'ப்' விடுபட்டிருந்ததைக் கண்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த அவசரம் எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஒற்றுப்பிழையை என் கண்ணே பிடித்துவிட்ட மகிழ்ச்சியில், அலமாரியில் கிடந்த பழைய சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து வந்து, அந்த இடத்தைக் குறிக்கக் குனிந்தேன். அங்கே ஏற்கெனவே பென்சிலால், மெல்லியதாக, ஓரத்தில் கோடு இழுத்து, 'ப்' என்று எழுதியிருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை.