பொது வார்டு என்றால் ஆண்கள் வார்டா?

எல்லாக் கட்சிகளின் மாவட்டச் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

தலைமைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. வேட்பாளர் பட்டியல் சென்னையில் வெளியாகலாம். ஆனால் யார் பெயர் மேலே போகலாம், யார் பெயர் வேண்டாம் என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

என் சித்தியைப் பற்றிச் சொல்கிறேன். 2011இல் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சித்தி நின்றார், ஜெயித்தார். ஆரம்பத்தில் சித்தப்பாதான் தலைவர் என்று ஊரே நினைத்தது. கிராம சபை மேடையில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். அடுத்த ஆகஸ்ட் 15 கிராம சபையில் சித்தி அந்த நாற்காலியை எடுத்துவிடச் சொன்னார். "அவர் ஜனங்களோட உட்காரட்டும்" என்றார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் ஒரு கோடையில் தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் காயில் எரிந்துபோனது. ஊராட்சி செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் மூன்று நாள் இழுத்தடித்தார். நான்காம் நாள் காலையில் சித்தி செக் புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, காலிக் குடத்தோடு நின்ற பத்துப் பதினைந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு, அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். காபி கொடுத்தார்கள், குடித்தார். கிளம்பவில்லை. பத்து மணிக்குக் கையெழுத்து கிடைத்தது. மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது.

பதவிக்காலம் 2016இல் முடிந்தது. அடுத்த ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் உண்டு. அதனால் சித்தி தன் கட்சியில் ஒன்றியக் கவுன்சிலர் சீட் கேட்டார். எந்தக் கட்சி என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். "அது பொது வார்டும்மா. மகளிர் வார்டா மாறும்போது பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் என்ன வேலை செய்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இதுதான். பொது என்றால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று அர்த்தம். அதை ஆண்கள் வார்டு என்று படித்தது சட்டம் இல்லை, நீங்கள்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. அதனால் ஆயிரக்கணக்கான பெண்கள் பட்ஜெட் பார்க்கவும், அதிகாரிகளிடம் வாதாடவும், ஊர்ச் சண்டையைத் தீர்க்கவும் பழகிவிட்டார்கள். சட்டமன்றத்தில் அப்படி ஒதுக்கீடு இல்லாமல் நடந்த தேர்தல்களைப் பாருங்கள். 234 இடங்களில் 2016இல் ஜெயித்த பெண்கள் 21 பேர். 2021இல் 12 பேர். கூடவில்லை, குறைந்திருக்கிறது. வாக்காளர் பட்டியலிலோ ஆண்களைவிடப் பெண்கள் அதிகம்.

ஆள் கிடைக்கவில்லை என்பீர்கள். 2021இல் நாம் தமிழர் கட்சி 117 தொகுதிகளில் பெண்களை நிறுத்தியது. அவர்களில் யாரும் ஜெயிக்கவில்லை, உண்மை. அந்தக் கட்சியின் 117 ஆண்களும் ஜெயிக்கவில்லை. ஜெயிக்கிற கட்சி ஜெயிக்கிற தொகுதியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவைப் பாருங்கள். 2019 மக்களவைத் தேர்தலில் பிஜு ஜனதா தளம் 21 இடங்களில் 7 பெண்களை நிறுத்தியது, 5 பேர் ஜெயித்தார்கள். அஸ்கா தொகுதியில் ஜெயித்த பிரமிளா பிசோயி சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர். நம் ஊரில் தருமபுரியில் 1989இலேயே அப்படிக் குழுக்களைத் தொடங்கிவிட்டோம். அந்தப் பெண்களை நீங்கள் கூட்டத்துக்கு வேனில் ஏற்றுகிறீர்கள், ஆரத்தி எடுக்க நிறுத்துகிறீர்கள். விருப்ப மனு கொடுக்கச் சொல்லி எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்?

2023இல் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு 33 சதவீத இடம் ஒதுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறை என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். ஒடிசாவில் 7 சீட் கொடுக்க எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

அரசியல் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்றும் சிலர் அக்கறையோடு சொல்கிறீர்கள். மதுரை வில்லாபுரத்துக்குக் குடிநீர் கேட்டுப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதியை 1997 ஏப்ரல் 23இல் வெட்டிக் கொன்றார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, பெண் வேட்பாளருக்குப் பின்னால் உங்கள் மொத்த ஆள்பலத்தோடு நிற்பது. வீட்டில் இரு என்பதில்லை.

நான் கேட்பது இரண்டுதான். ஒருமுறை ஊராட்சித் தலைவராகவோ கவுன்சிலராகவோ இருந்த பெண்களின் பெயர்களை உங்கள் மாவட்டம் முழுக்க எழுதியெடுங்கள். வார்டு பொதுவாக மாறியதும் ஒதுங்கிப்போனவர்களை வீட்டுக்கே போய்ப் பாருங்கள். அப்புறம், நேர்காணலில் "வீட்டுக்காரர் என்ன செய்றார்?" என்பதை விட்டுவிட்டு, "எத்தனை பூத் உங்களுக்கு அத்துபடி?" என்று கேளுங்கள். ஆணிடம் அதைத்தானே கேட்கிறீர்கள்.

சித்திக்கு இப்போது 57 வயது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் மறுபடியும் மனு கொடுக்க வருவார். அதே பொது வார்டுக்கு.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்