அப்பாவின் வலது காலைப் பிடித்துக்கொண்டு நடந்த அம்மாவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டார். இரவு ரசம் கேட்டு வாங்கி இரண்டு பிடி சோறு சாப்பிட்டார். இப்போது உள்ளறையில் தூங்குகிறார். மூச்சு சீராக வருகிறதா என்று மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தாய்லாந்தில், ஹெல்ஃபயர் பாஸ் மலைப்பாதையில் அப்பா விழுந்ததைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. அந்த மாலையிலிருந்து பதினொரு நாள் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் நீங்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாள் கடந்தால் மனசு பழைய நிலைக்கு வந்துவிடும், அப்புறம் இதே சூட்டோடு சொல்ல வராது.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடி வந்த இடத்தில், யாரோ ஒரு கிழவரைத் தூக்கத் தோள் கொடுத்த ஆஸ்திரேலியத் தம்பிகள் நால்வர். நினைவகத்து ஊழியர்கள். காஞ்சனாபுரி மருத்துவமனையின் மருத்துவர்கள், இரவுப் பணியில் இருந்த தாதிகள். கூலியே வாங்காமல் நடைகூடத்து நாற்காலியில் இரண்டு இரவு படுத்துக் கிடந்த வேன் ஓட்டுநர். பரீட்சை நேரத்திலும் வந்து மொழிபெயர்த்துச் சொன்ன கல்லூரி மாணவி. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் காகித வேலையை முடித்துக் கொடுத்த தூதரக அதிகாரி. கோயிலில் விளக்கேற்றியவர்கள், மசூதியில் துஆ கேட்டவர்கள், பணம் அனுப்பியவர்கள். பத்து ரிங்கிட் அனுப்பிவிட்டு "இவ்வளவுதான் இருக்கு அக்கா" என்று எழுதிய தம்பி. உங்களில் யாரையும் நான் மறக்கவில்லை. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வேன்.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது, இதைப் படிக்கவே முடியாத ஒருவருக்காக.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. அறுபது வயது இருக்கும். ஹெல்ஃபயர் பாஸ் நடைபாதையில் மூங்கில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். காலையில் நாங்கள் படியிறங்கும்போது துடைப்பத்தை ஓரமாகப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார். அப்பா கைகூப்பினார். அவரும் கைகூப்பினார். அதற்கு மேல் எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை.

மாலையில் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டியபோது எல்லோர் கண்ணும் அவர் முகத்தில் இருந்தது. என் கண்ணும்தான். வலது காலில் காலணி இல்லை, அது சரிவில் எங்கேயோ போய்விட்டது. மழையில் நனைந்து, சேறு அப்பி, அந்தக் கால் போர்வைக்கு வெளியே கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. அந்த அம்மா கவனித்தார். தலையில் சுற்றியிருந்த கட்டம் போட்ட துணியை அவிழ்த்தார். நம் ஊர்த் துண்டு மாதிரியே இருந்தது. உலர்ந்திருந்த உட்பக்கத்தால் சேற்றைத் துடைத்தார், விரல் இடுக்கையும் விடவில்லை. பிறகு பாதத்தைச் சுற்றிக் கட்டி, இரண்டு கையாலும் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். பாறை வெட்டிலிருந்து மேலே ஏறும் வழி முழுக்கப் படி. அதில் பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக ஏறினார். தூக்குகிறவர்களுக்கு இடைஞ்சலாகிவிடும் என்று யாரோ விலகச் சொல்லிச் சைகை காட்டினார்கள். அவர் உடம்பை மட்டும் ஒடுக்கிக்கொண்டார், கையை எடுக்கவில்லை. வழியில் இரண்டு முறை இறக்கி வைத்தார்கள். அப்போதும் ஈரத்தரையில் உட்கார்ந்து காலை மடியில் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் கதவு மூடும் வரை பிடித்திருந்தார். அவ்வளவு நேரத்தில் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தாவ் யென்." திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார்.

மூன்றாம் நாள் அந்த மாணவியிடம் கேட்டேன். "கால் சில்லென்று இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறாராம். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். அவர்கள் ஊரில் உடம்பிலேயே தாழ்ந்த உறுப்பு பாதம். பாதத்தை யார் பக்கமும் நீட்டி உட்காரக்கூடாது. முன்பின் தெரியாத ஓர் ஆணின் பாதத்தை, சேற்றோடு, ஒரு பெரியவர் மடியில் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. இதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

ஏன் இவ்வளவு அழுதேன் என்று அன்று யாருக்கும் விளங்கியிருக்காது. எங்கள் வீட்டுக் கதை தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பா வயிற்றில் இருக்கும்போது, கிணற்றடிக்குப் போன தாத்தாவை லாரியில் ஏற்றி, பர்மாவுக்குத் தண்டவாளம் போடச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோய்விட்டார்கள். அவர் திரும்பவில்லை. எந்த முகாம், எந்த மாதம், எப்படி என்று எதுவும் தெரியாது. பாட்டியிடம் மிஞ்சியது ஒரே ஒரு வரி: "செருப்புகூட போட்டுக்கல, வெறுங்காலோட போனாரு." சாகிற வரைக்கும் அதைத்தான் சொன்னார். அதனால்தான் எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் புதுச் சட்டை இல்லாமல் போனதுண்டு, செருப்பு இல்லாமல் போனதில்லை. பால்மரம் வெட்டிய சம்பளத்தில் அப்பா எங்களுக்கு முதலில் வாங்கியது காலணி, பிறகுதான் பள்ளிப் புத்தகம்.

82 வயதில் அவரை ஏன் அந்த மலைக்குக் கூட்டிப்போனாய் என்று சிலர் அன்போடு கடிந்துகொண்டீர்கள். நான் கூட்டிப்போகவில்லை. அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். இன்னும் காத்திருந்தால் நடக்க முடியாமல் போய்விடும் என்றார்.

போன முதல் நாள் காஞ்சனாபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். ஜப்பான்காரனிடம் பிடிபட்ட போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. அப்பா வரிசை வரிசையாகக் குனிந்து வயதை மட்டும் படித்தார். "இருபத்தி மூணு. இருபத்தி ஒண்ணு. எல்லாம் புள்ளைங்க" என்றார். பிறகு நிமிர்ந்து, "நம்மாளுங்க எங்க?" என்று கேட்டார். தாத்தாவைக் கொண்டுபோன அந்தச் சயாம்-பர்மா தண்டவாளம் 415 கிலோமீட்டர். அதைப் போட்டபோது இறந்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். மலாயாத் தோட்டங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கொண்டுபோகப்பட்ட கூலிகளில் இறந்தவர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்கிறது ஒரு மதிப்பீடு. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் வரிசை கிடையாது. நான் பதில் சொல்லாமல் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சாய் யோக் நோய் அருவி. மழைக்காலம் என்பதால் சுண்ணாம்புப் பாறை மேல் தண்ணீர் வெள்ளையாக விரிந்து கொட்டியது. பிள்ளைகள் கூச்சலிட்டுக் குளித்தார்கள். பக்கத்திலேயே பழைய நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது. அதே தண்டவாளப் பாதைதான். அருகில் உள்ள ரயில் நிலையத்தின் பெயர் நாம் தொக். அருவி என்று பொருள். அப்பா காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். 1943-இல் இதே மழை மாதங்களில்தான் அந்த முகாம்களில் காலரா பரவியது. போர்க்கைதிகளுடன் அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும், கொதிக்க வைக்காத நீரைக் குடிக்காதே என்று கட்டுப்படுத்த ஆள் இருந்தது. நம்மவர்களுடைய முகாம்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை. இதையெல்லாம் நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் கீழே விட்டார். அவருக்கே தெரிந்திருக்கிறது.

ஹெல்ஃபயர் பாஸுக்கு அந்த ஊர்ப் பெயர் சோங் காவ் காட். மலை அறுந்த கணவாய் என்று சொல்லலாம். ஒருவன் உளியைப் பிடிக்க இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க, அப்படித் துளை போட்டு வெடி வைத்துப் பிளந்த பாறை. இரவிலும் மூங்கில் பந்த வெளிச்சத்தில் வேலை நடந்ததாம். எலும்பும் தோலுமான மனிதர்களின் நிழல் அந்தச் சுவரில் ஆடியதைப் பார்த்தவர்கள்தான் நரகம் என்று பெயர் வைத்தார்கள். உடைந்து சிக்கிய துளைக்கம்பி ஒன்று இன்னும் பாறையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பாறை எழுந்து நிற்க, நடுவில் கோயில் பிராகாரத்தில் நிற்பது போலத்தான் இருந்தது. அப்பாவுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டார்.

கீழே கூர்மையான ஜல்லி. நான் சத்தம் போட்டேன். பத்தடி நடந்துவிட்டு, நான் சொன்னதற்காகத் திரும்பப் போட்டுக்கொண்டார். வலது கால் கயிற்றைக் கட்டியது நான்தான். சரியாக இறுக்கவில்லையோ என்று பதினொரு நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கேட்கிறேன்.

அந்த வழியில் வேலை செய்தவர்களில் பலரைப் படுக்கவைத்தது கால்தான். மூங்கில் கீறும், கல் சிதறி வெட்டும், சேற்றில் புண் அழுகி எலும்பு வரை போகும். அந்தப் புண்ணைக் கரண்டியால் சுரண்டித்தான் சுத்தம் செய்ய முடிந்தது என்று மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மருத்துவர் இல்லாத முகாமில் அந்தப் புண்ணோடு படுத்துக் கிடந்தவனுடைய காலை யார் தொட்டிருப்பார்கள்? சின்ன வயதிலிருந்து இதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தாத்தாவின் முகம் எனக்குத் தெரியாது, படம்கூட இல்லை. அவரை நினைக்கும்போது எனக்கு வருவது இரண்டு வெறும் பாதங்கள்தான்.

அதே மலையில், அதே மழையில், அவர் பிள்ளையின் வெறும் பாதத்தை ஒரு பெண் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தார். தாத்தாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கால் சில்லென்று இருந்தது, அதனால் பிடித்தார்.

ஐந்தாம் நாள் அப்பா கண் திறந்து நன்றாகப் பேசினார். முதலில் கேட்டது, "யாரு என் கால புடிச்சிக்கிட்டே வந்தது?" நான் சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கம்மான்னு நெனச்சேன்" என்றார்.

அந்தத் துணி என்னிடம்தான் இருக்கிறது. மருத்துவமனையில் கழற்றி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருக்கிறேன். மழை நின்று பனிக்காலம் வந்ததும், அப்பாவை மருத்துவர் அனுமதித்தால் அவரோடும், இல்லாவிட்டால் நான் மட்டுமாவது, அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். அப்பா விழுந்த இடத்திலிருந்து மிச்சமிருக்கும் பாதையையும் நடப்பேன். இது வேண்டுதல் மாதிரி எழுதி வைக்கிறேன், நீங்களே சாட்சி.

இன்னொன்றும் செய்யப்போகிறேன். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளில், எங்கள் பாட்டியிடம் இருந்தது போல, ஏதாவது ஒரு வரி மிஞ்சியிருக்கும். "துண்ட மறந்துட்டுப் போனாரு", "மாட்ட அவுத்து விடச் சொன்னாரு" என்று ஏதாவது. அதைச் சொல்ல இன்று இருப்பவர்கள் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் வந்து உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். பெயரும் அந்த ஒரு வரியும் போதும்.

எனக்கு முன்னால் உங்களில் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் ஓர் உதவி. காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், மழை பிடித்தால் திரும்பிவிடுங்கள். படியிறங்கும் வழியில் மூங்கில் சருகு கூட்டிக்கொண்டு ஓர் அம்மா நின்றால், வலது காலைத் தொட்டுக் காட்டி, "தாவ் உன்" என்று சொல்லுங்கள். "உன்" என்றால் அவர்கள் மொழியில் வெதுவெதுப்பு. அவருக்குப் புரியும்.