புது நடை

அன்புள்ள மாப்ள,

பேரன் பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பதில் தாமதமானதற்கு ஆடி மாதம்தான் காரணம். இந்த வருஷம் மொய் விருந்து வைத்தோம். எங்கள் வீட்டுக்கு இல்லை, ஊரில் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்காக.

நம் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. போய்வருவதில்தான் குடும்பம் கரைகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். துணைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. முடிந்து எழுந்தால் தலை சுற்றும், பஸ்ஸில் நின்று வர முடியாது. காசில்லாமல் பெரியவர் ஒருவர் வாரத்தில் ஒரு தடவையை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார். கால் வீங்கி, மூச்சு முட்டித் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கூட்டம் போட்டோம். "திரும்பி வராத மொய்யை யார் செய்வார்கள்?" என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை, விருந்து வைத்து வாங்குகிற மொய்யைப் பின்னால் திருப்பிச் செய்வதுதானே நம் ஊர் வழக்கம். நம் இரண்டு வீட்டிலும் ஆழ்துளைக் கிணறு மொய்ப் பணத்தில்தானே போட்டது? ஆனால் கஜா புயலில் தென்னை சாய்ந்த பிறகு, வாங்கிய மொய்யைத் திருப்ப முடியாமல் எத்தனை பேர் தவித்தார்கள் என்பதும் உனக்குத் தெரியும். நோயாளி வீட்டுத் தலையில் இன்னொரு கடனை ஏற்றக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். 2022-இல் இலங்கை நெருக்கடிக்காக வம்பனில் டீக்கடைக்காரர் ஒருவர் மொய் விருந்து வைத்ததை எடுத்துச் சொன்னேன். கடைசியில் 'திருப்பிச் செய்ய வேண்டாம்' என்று அழைப்புப் பத்திரிகையிலேயே அச்சடித்தோம். ஆனாலும் மொய் நோட்டு உண்டு, வரவு செலவு முழுக்க டீக்கடைச் சுவரில் ஒட்டப்படும்.

அப்புறம் கறிச் சண்டை. கறி இல்லாவிட்டால் பந்தி களைகட்டாது, போட்டால் வசூல் இலையிலேயே போய்விடும். நல்லவேளையாகக் கிடாய்களை நாலு வீட்டார் கொடுத்தார்கள், சமையல்காரர் கூலி வாங்கவில்லை. நோயாளிகளுக்கு உப்பில்லாமல் தனிச் சமையல். வந்தவர்களுக்கெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுக்கிற ஊர் இது, அவர்களுக்கோ அது ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் உடம்பில் ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடுமாம். எனக்கும் இப்போதுதான் தெரியும்.

பூ கட்டும் அக்காவை ஞாபகம் இருக்கிறதா? அவர் வீட்டுக்காரருக்கும் டயாலிசிஸ்தான். மொய் எழுதுகிற இடத்துக்கு வந்து ஐம்பத்தொரு ரூபாயை வைத்தார். "உங்களுக்காகத்தானே அக்கா இது, வேண்டாம்" என்றேன். "எழுதுங்க தம்பி, புது நடை" என்றார். பழைய மொய்யைத் திருப்புவது இல்லை, புதிதாக வைக்கிற மொய் என்று அர்த்தம். எழுதினேன். பேனா ஓடவே இல்லை மாப்ள.

வசூலில் வாரம் மூன்று நாள் வேன் ஓடுகிறது, வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறது. ஒரு வருஷத்துக்குத் தாங்கும். உன் பெயரில் ஐயாயிரம் எழுதியிருக்கிறேன், வரும்போது கொடு.

போன தடவை வந்தபோது மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டாயே, அதை இன்றோடு நிறுத்து. அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உனக்கு பிரஷர் வேறு இருக்கிறது. டாக்டரிடம் போய், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்