கோதா போட்ட கணக்கு வாத்தியார்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பகுதியில் 30 வருடத்துக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்த வாத்தியார் போன மாதம் காலமானார். எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பகலில் வகுப்பு, சாயங்காலம் குஸ்தி. தறிக்குப் போகவிருந்த பையன்களைக் கோதாவுக்கு, அதாவது குஸ்தி போடும் மண் களத்துக்கு, இழுத்து வந்தவர் அவர். மண்ணைச் சலித்து எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்துவதுதான் முதல் பாடம். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் 10 புள்ளி முந்தினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும் என்பதை வைத்தே கழித்தல் நடத்துவார். எனக்குக் கணக்கு வந்ததே அப்படித்தான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற மல்யுத்த வீரர் கே.டி.ஜாதவின் பயணச் செலவுக்காக அவருடைய கல்லூரி முதல்வர் வீட்டை அடமானம் வைத்த கதையை மாதம் ஒருமுறையாவது கேட்டுவிடுவோம்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்துக்கு நீர்மோர் ஊற்றுவார். குடம் தூக்குவது நாங்கள். அதுவும் பயிற்சியாம்!

9 மீட்டர் வட்டம் கொண்ட முறையான மல்யுத்த மெத்தை கேட்டு அவர் கொடுத்த மனு ஏதோ ஓர் அலுவலகத்தில் இன்னும் தூங்குகிறது. பையன்கள் கிழிந்த தார்ப்பாயில் புரள்கிறார்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டி தங்கம் வாங்கித் தந்த மாவட்டம் இது. காந்தி மைதானத்தில் ஒரு மூலை ஒதுக்கி அந்த மெத்தையைப் போட்டுத் தந்தால் போதும். சிலை, வளைவெல்லாம் வேண்டாம். அவருக்கு அது பிடிக்காது.

– பழைய மாணவன், அம்மாப்பேட்டை, சேலம்.