எம்.ஏ. மொழியியல் சேர்க்கையை இந்த ஆண்டே திரும்பத் தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தருக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் உங்கள் முன்னாள் மாணவனின் வணக்கம்.

இந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பில் எம்.ஏ. மொழியியல் இல்லை. மாணவர் எண்ணிக்கை போதவில்லை என்று நிறுத்திவிட்டீர்கள். அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

சென்ற வாரம் நீலகிரியிலிருந்து ஓர் இருளர் மாணவி விண்ணப்பத்தோடு வந்திருந்தார். பி.எஸ்சி. தாவரவியல் முடித்தவர். வீட்டில் பேசும் இருள மொழிக்கு இலக்கணம் எழுத வேண்டும் என்று ஆசை. எந்தப் பட்டம் பெற்றவரும் மொழியியலில் சேரலாம் என்ற பழைய விதியை நம்பி வந்தவரிடம், "தமிழ் எம்.ஏ. சேர்ந்துக்கம்மா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று இல்லை, ஐயா. சங்க இலக்கியம் படிப்பது அவருக்கு நல்லதுதான். ஆனால் தனக்கென எழுத்து இல்லாத ஒரு மொழியைக் காதால் கேட்டு, ஒலி ஒலியாகக் குறித்து, எது பொருளை மாற்றும் தனி ஒலி (ஒலியன்), எது இடத்தைப் பொறுத்து மாறுவது என்று பிரித்தெடுக்கும் பயிற்சியை அங்கே யார் தருவார்கள்?

நானும் நன்னூலை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து வெறுத்தவன்தான். நம் துறையில் ஒருநாள் பேராசிரியர், நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பேச்சு பதிந்த ஒலிநாடாவை ஓடவிட்டார். நுனிநா மேலெழுந்து அண்ணத்தைத் தொடும்போது றகரம் பிறக்கும் என்கிறதே தொல்காப்பியம், நாம் ரகரத்தோடு கலந்துவிட்ட அந்த வல்லொலி அதில் தெளிவாகக் கேட்டது. சூத்திரம் எழுதியவர் மனிதர்களின் வாயைக் கவனித்து எழுதியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை.

சமஸ்கிருதம் படித்த, கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ கடல் கடந்து 1935இல் நீலகிரிக்கு வந்தார். தோடரிடமும் கோத்தரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதினார். ஆங்கிலேய அறிஞர் பரோவுடன் சேர்ந்து 1961இல் அவர் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை நாம் இன்றும் புரட்டுகிறோம். அந்த மலையிலேயே பிறந்த ஒரு பெண் அதே வேலைக்கு வந்தால், படிப்பே இல்லை என்கிறோம்.

மாணவர் எண்ணிக்கை போதவில்லையாம். சரி, எப்படிப் போதும்? இப்படி ஒரு படிப்பு இருப்பதைப் பள்ளியில் யாரும் சொல்வதில்லை. படித்து முடித்துத் தமிழ் ஆசிரியர் வேலை கேட்டுப் போனால், அது வேறு பட்டம், இது வேறு பட்டம் என்கிறார்கள். வேலைக்கு வேறு, துறையை மூடும்போது மட்டும் இரண்டும் ஒன்று! தமிழ் 2004இல் செம்மொழியாக அறிவிக்கப்பட்டதிலிருந்து நாம் எடுக்காத விழா இல்லை. பந்தலுக்கும் பொன்னாடைக்கும் குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கையை யாரும் கேட்டதில்லை.

மன்னிக்கவும், கோபம் எங்கோ இழுத்துப்போகிறது. என் கோரிக்கை ஒன்றுதான்: எம்.ஏ. மொழியியல் சேர்க்கையை இந்த ஆண்டே திரும்பத் தொடங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்தாலும் வகுப்பு நடக்கட்டும். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் சிலர் ஊதியமின்றிப் பாடம் எடுக்கத் தயார் என்கிறார்கள். விடுமுறையில் களப்பணிப் பயிற்சிக்கு நானும் வருகிறேன். சேர்க்கை முடிய இன்னும் நாள் இருக்கிறது. திருத்த அறிவிப்பு ஒன்று வெளியிட்டு, அந்த மாணவியின் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளுமாறு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுகிறேன்.

பணிவுடன்,
மொழியியல் துறையின் முன்னாள் மாணவன்