கனகபுரா சாலையில் உதவிய லாரி ஓட்டுநர் அண்ணனுக்கு நன்றி

பெங்களூரு கனகபுரா சாலையோரம், வெயிலில் என் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்த அண்ணா, உங்களுக்கு மனமார்ந்த நன்றி. பெயரைக் கேட்டும் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

மெதுவாகப் போனால் கிரீச், ரிவர்ஸ் போட்டால் டணக். கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள். நீங்களோ சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைக்கச் சொல்லி, இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டை, அதாவது பின்பக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகினீர்கள். அதன் முனையில் வளைந்துகொடுக்கும் இணைப்பான யூ ஜாயின்ட் ஆடியது. அதன் மூடியைச் சுற்றிச் செங்கல்பொடி போலத் துரு. "உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் தேய்ந்துவிட்டது தம்பி. ஷாஃப்ட் கழன்றால் ஆபத்து, மெதுவாகப் போ" என்றீர்கள்.

ஜே.சி. ரோட்டில் யூ ஜாயின்ட்டின் நடுவில் இருக்கும் சிலுவை வடிவப் பாகமான கிராஸைப் புதிதாக வாங்கி மாற்றினேன். சத்தம் அடியோடு நின்றது. எவ்வளவு பொறுமை உங்களுக்கு! இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. நேரில் வந்து கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்.