பள்ளிக்கே வந்து இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தமிழ்ப்பள்ளி மாணவர்களின் பெற்றோர்,
பிறை வட்டாரம், பினாங்கு.

பெறுநர்:
இயக்குநர்,
பினாங்கு மாநிலச் சுகாதார இலாகா.

பொருள்: தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு இலவச இன்ஃபுளுவென்சா தடுப்பூசி

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 அக்டோபரில் இன்ஃபுளுவென்சா பரவியபோது நாடு முழுவதும் ஏறக்குறைய 6,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. சில பள்ளிகளைத் தற்காலிகமாக மூடவும் வேண்டியிருந்தது. அப்படி ஒரு நிலை மறுபடியும் வருவதற்கு முன்பே எங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி கிடைக்க வழி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நம் நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் இந்தக் காய்ச்சல் ஆண்டு முழுவதும் இருந்துகொண்டே இருக்கிறது. இதைச் சாதாரணச் சளி என்று விட்டுவிட முடியாது. திடீரென்று கடும் காய்ச்சலும் உடல்வலியும் இருமலும் பிள்ளையைப் படுக்க வைத்துவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் மூச்சுத்திணறல், நிமோனியா வரை போகக்கூடும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றிவிடுவதால், காய்ச்சல் கண்ட பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது மட்டும் போதாது. ஒரே வேனில், ஒரே வகுப்பில், ஒரே சிற்றுண்டிச்சாலையில் இருக்கும் பிள்ளைகள் அவர்கள்.

கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியை ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும். 9 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதல் முறை போடும்போது குறைந்தது 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. தனியார் கிளினிக்கில் மூன்று பிள்ளைகளுக்கு இதைப் போடுவது, பிறை தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பத்துக்குப் பெரிய செலவு. அப்புறம், ஊசிக்காக விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளமும் போகும். 60 வயதைக் கடந்த, நாள்பட்ட நோயுள்ள பெரியவர்களுக்கு அரசாங்கம் இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறது. அது நல்ல திட்டம். ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் பிள்ளைகளுக்கு இந்த ஊசி இல்லை.

இதற்காகப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. உங்கள் பள்ளிச் சுகாதாரக் குழு முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஊசி போட ஏற்கெனவே பள்ளிக்கு வருகிறது. 2010 முதல், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியும் பள்ளிகள் வழியாகவே மாணவிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே குழு இதையும் போடலாம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் சரி, ஆஸ்துமா, இருதய நோய், நீரிழிவு உள்ள பிள்ளைகளிலும் பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளிலும் தொடங்குங்கள். ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும் என்பதால் ஆண்டிறுதிப் பரவலுக்கு முன்பே போட்டு முடிக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறோம். முழு வருகைப் பரிசு போய்விடும் என்று காய்ச்சலோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மருந்து இல்லாமல் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகும்வரை பிள்ளை வீட்டில் இருக்கலாம், அது வருகைக் குறைவாகக் கணக்கிடப்படாது என்று மாநிலக் கல்வி இலாகாவோடு சேர்ந்து ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

பகலில் பல பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பாட்டி தாத்தாதான். அவர்களுக்காகத் தமிழில் ஒரு துண்டறிக்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய குரல் பதிவும் வேண்டும். மூச்சு வாங்குவது, விலா உள்ளிழுப்பது, உதடு நீலமாவது, தண்ணீர் குடிக்க மறுப்பது, வலிப்பு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அதில் இருக்கட்டும். பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக் இந்தக் கிருமியைக் கொல்லாது, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அறிகுறி தெரிந்த முதல் 48 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஒப்புதல் கடிதங்களை வீடு வீடாகப் போய் வாங்கித் தரவும், ஊசி போடும் நாளில் பள்ளி மண்டபத்தில் உதவிக்கு நிற்கவும் நாங்கள் தயார். உங்கள் அதிகாரிகளை நேரில் சந்தித்துப் பேச ஒரு தேதி தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
பெற்றோர்கள்
பிறை, பினாங்கு